செங்கோட்டை: சாரலும் ரயிலும் கடந்த ஒரே வாசல்

அன்புள்ள அண்ணாச்சிமாரே, அக்காமாரே, தம்பி தங்கச்சிமாரே,

ஆடி பிறந்துவிட்டது. நேற்று ஊரிலிருந்து தங்கச்சி போனில் பேசும்போது, "அண்ணே, மூணு நாளா துணி காயல" என்றாள். இங்கே வளைகுடா வெயிலில் கொடியில் போட்ட துணி அரை மணி நேரத்தில் மொறுமொறுவென்று ஆகிவிடுகிறது. அவள் சொன்னதும் எனக்குக் கரி அடுப்பின் மேல் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் பள்ளிச் சட்டையைப் பரப்பி அம்மா காய வைக்கும் அந்தப் புகை வாசம் வந்துவிட்டது. ஆனி, ஆடி முழுக்க எங்கள் வகுப்பே அந்த வாசத்தோடுதான் உட்கார்ந்திருக்கும்.

போன வாரம் நம் பிள்ளைகளில் ஒருத்தி, வெளிநாட்டிலேயே பிறந்து வளர்ந்தவள், ஒரு கேள்வி எழுதியிருந்தாள். யாராவது ஊரைக் கேட்டால் "குற்றாலத்துக்குப் பக்கம்" என்று மட்டும்தான் சொல்லத் தெரிகிறது, வேறு என்ன சொல்லலாம் என்று. நல்ல கேள்வி. அதற்குத்தான் இந்த மடல், கொஞ்சம் நீளமாகவே.

அம்மா, வரைபடத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார். சுவர் மாதிரி தெற்கே இறங்கி வருகிறது. நம் ஊருக்கு நேர் மேற்கே அந்தச் சுவர் கொஞ்சம் தாழ்ந்து வழிவிடுகிறது. அதுதான் ஆரியங்காவு கணவாய். நம் ஊரின் கதை எல்லாமே அந்த வாசலோடு சேர்ந்ததுதான். மழை, ராஜா, ரயில், மூன்றும்.

முதலில் மழை. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் கொட்டித் தீர்த்துவிட்டு, மிச்ச ஈரத்தோடு கணவாய் வழியே இந்தப் பக்கம் நுழையும். அதுதான் நமக்குச் சாரல். மழை என்று சொல்ல முடியாது. குடை பிடித்தாலும் நனையலாம், பிடிக்காமலும் நடந்துவிடலாம். பத்து நிமிடம் வெயில், பத்து நிமிடம் தூறல், விடாத காற்று. அதே காற்று இன்னும் கிழக்கே போனால் ஈரம் தீர்ந்து வெறும் காற்றாகிவிடும். சுரண்டை பக்கம் காற்றாலைகளைச் சுற்ற வைப்பது அதுதான். அப்புறம் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை, இது உண்மையான மழை. இரண்டு பருவமும் எட்டிப் பார்க்கும் ஊர் என்பதால்தான் கார், பிசானம் என்று இரண்டு பூவும் நம் வயல்களில் விளைந்தன. நம் குண்டாறு அணை 36 அடிதான். சின்ன அணை. மாவட்டத்தில் முதல் ஆளாக நிரம்பி வழிவது பெரும்பாலும் அதுதான். அது வழிகிற செய்தி பேப்பரில் வந்தால் எனக்கு இன்றும் சொந்த வீட்டில் நல்ல காரியம் நடந்த மாதிரி இருக்கும்.

அடுத்து ராஜா. 1949 வரை நம் ஊர் திருவிதாங்கூர் மகாராஜாவின் சமஸ்தானத்தில், அதன்பின் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. மொழிவாரி மாநிலம் பிரித்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களோடு செங்கோட்டையும் அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஆரியங்காவு மட்டும் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. அதற்கு முன்னால் எல்லை கிழக்கே, தென்காசிக்குப் போகும் வழியில் பிரானூரில் இருந்தது. எல்லை மலைக்கு நகர்ந்து இத்தனை வருஷம் ஆகியும் அந்த இடத்துக்கு "பார்டர்" என்றுதான் பெயர். புரோட்டா தின்ன வருகிற வெளியூர்க்காரர்கள் இது எந்த பார்டர் என்று கேட்பார்கள். இல்லாமல் போன ஒரு நாட்டின் எல்லை அது. அங்கே இருக்கும் மர அறுவை மில்களும் மலையிலிருந்து மரம் இறங்கி வந்த அந்தப் பழைய பாதையின் மிச்சம்தான்.

என் ஆச்சி கடைசிவரை சில்லறையைச் "சக்கரம்" என்றுதான் சொல்வாள். ஒரு திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம், ஒரு சக்கரத்துக்கு 16 காசு. இந்தக் கணக்கில் பழகியவள் பதினாறணா கணக்குக்கு மாறி, உடனே 1957-இல் நயா பைசாவுக்கும் மாற வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் போகாத பொம்பளை, மூன்று கணக்கும் விரலிலேயே போட்டாள். ஊர் நுழைவு வளைவில் சங்கு முத்திரையை அவள்தான் எனக்குக் காட்டினாள், "நம்ம மகாராஜா முத்திரைலே" என்று.

இப்போது ரயில். இதைத்தான் நான் ஆசையாகச் சொல்ல வந்தேன்.

திருநெல்வேலியிலிருந்து மீட்டர் கேஜ் பாதை நம் ஊருக்கு 1903-இல் வந்தது. அடுத்த ஆண்டே மலையைக் குடைந்து புனலூர், கொல்லம் வரை இணைத்துவிட்டார்கள். ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா காலம். கொல்லம், புனலூர் பக்கம் ஓடிய முதல் ரயில் பாதை அதுதான். திருவனந்தபுரத்துக்கே 1918-இல்தான் ரயில் போனது. கொல்லத்திலிருந்து கோட்டயம் வழியாக எர்ணாகுளத்துக்கு முழுப் பாதை 1958-இல்தான் கிடைத்தது. கணக்குப் போட்டுப் பார். ஐம்பது வருஷத்துக்கும் மேலாகக் கொல்லத்திலிருந்து ஒருவர் ரயிலிலேயே வடக்கே போகக் கிளம்பினால், நம் ஸ்டேஷனைக் கடக்காமல் போக முடியாது. 1927-இல் விருதுநகர் – தென்காசி பாதை வந்தபிறகு சென்னைக்குப் போவது இன்னும் சுருங்கியது. கொல்லம் மெயில் நம் ஊர் வழியாக ஓடிய காலத்தை இங்கே பலர் பார்த்திருப்பீர்கள்.

செங்கோட்டையில் வண்டி சும்மா நின்றுவிட்டுப் போகாது. மலை ஏறுவதற்குப் பின்னால் இன்னொரு எஞ்சினைக் கொண்டுவந்து மாட்டுவார்கள். முன்னால் ஒன்று இழுக்கும், பின்னால் ஒன்று தள்ளும். அந்த நேரத்தில் பிளாட்பாரத்தில் நடக்கும் வியாபாரம்தான் பல குடும்பங்களுக்குச் சோறு. பகவதிபுரம் தாண்டியதும் குகை வரும். "குகை வருது, குகை வருது" என்று பெட்டி பெட்டியாகக் குரல் போகும், ஜன்னல்கள் தடதடவென்று இறங்கும். கரி எஞ்சின் காலத்தில் ஜன்னலை மூட மறந்தவர் ஆரியங்காவில் கறுத்த முகத்தோடு இறங்குவார். குகைக்கு இந்தப் பக்கம் பளிச்சென்று வெயில் இருக்கும், அந்தப் பக்கம் கண் விழித்தால் மழையும் ரப்பர் மரங்களும். நான் இத்தனை நாடு சுற்றியும் மூன்று நிமிடத்தில் வானிலை மாறும் இன்னொரு பயணத்தைப் பார்க்கவில்லை.

என் தாத்தா அந்த மலைப்பாதையில் கீமேன். தினமும் தண்டவாளத்தை ஒட்டி நடந்து, அதைப் பிடித்திருக்கும் சாவிகள், அதாவது ஆப்புகள், தளர்ந்திருந்தால் சம்மட்டியால் அடித்து இறுக்குவது வேலை. சாரல் மாதங்களில் ராத்திரி ரோந்தும் உண்டு. சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டு, ஒரு கையில் சிவப்பும் பச்சையும் காட்டும் கைவிளக்கு, இடுப்பில் ஒரு தகர டப்பா. டப்பாவுக்குள் வெடி. மண் சரிந்து கிடந்தால் வருகிற வண்டியை நிறுத்த அதைத் தண்டவாளத்தின்மேல் கட்டிவைக்க வேண்டும், சக்கரம் ஏறினால் வெடித்து டிரைவருக்குத் தெரிந்துவிடும். சட்டை நனைந்தாலும் டப்பா நனையக்கூடாது என்று அதை வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொள்வார். ஒரே ஒரு தடவை அதை உபயோகித்ததாகச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு வண்டியில் இருந்த யாருக்கும் அவர் பெயர் தெரிந்திருக்காது. இந்த மாதிரி ஆட்கள்தான் நம் ஊர்க்காரர்கள் என்று நான் முதலில் சொல்வேன்.

பெயர் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். வாஞ்சிநாதன் நம் ஊர். புனலூரில் வனத்துறை வேலை, இதே ரயில் பாதைக்காரர்தான். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ஜங்ஷனில் கலெக்டர் ஆஷை ரயில் பெட்டிக்குள்ளேயே சுட்டுவிட்டு, தன்னையும் சுட்டுக்கொண்டார். இன்று அந்த ஸ்டேஷன் பெயரே வாஞ்சி மணியாச்சி. நாடக மேடையில் மைக் இல்லாமல் கடைசி வரிசை வரை கேட்கப் பாடிய எஸ்.ஜி. கிட்டப்பாவின் பெயரில் முதல் எழுத்து செங்கோட்டை. 1906-இல் பிறந்து 1933-இல் போய்விட்டார். அவர் மனைவி, பாடகி கே.பி. சுந்தராம்பாள் அதன்பின் வாழ்நாள் முழுதும் வெள்ளைப் புடவைதான். அவர்களுக்கெல்லாம் மூத்தவள் ஆவுடையக்காள். சிறுவயதில் கணவனை இழந்து, வேதாந்தத்தைச் சமையலறைத் தமிழில் பாடியவள். அச்சுக்கு வருவதற்கு வெகுநாள் முன்பிருந்தே பெண்கள் வாயிலேயே அந்தப் பாட்டுகள் பிழைத்து வந்தன. உங்கள் வீட்டில் பாட்டிகள் யாருக்காவது ஒரு பாட்டு ஞாபகம் இருந்தால் போனில் பதிவு செய்து வையுங்கள், நான் கேட்கக் காத்திருக்கிறேன்.

2010 செப்டம்பரில் அகலப்பாதைக்காக மலைப்பாதையை மூடினார்கள். திரும்ப முழுதாக ஓடியது 2018-இல்தான். அந்த ஏழரை வருஷத்தில் புனலூரில் இருந்த என் பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வருவது நின்றுபோனது. பஸ்ஸில் கோட்டைவாசல் வளைவுகள் அவருக்குத் தலைசுற்றும். ரயில் விடட்டும், வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 2016-இல் காலமானார். பாதை வந்தது நல்லதுதான், எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் முதல் தடவை அதில் போனபோது அவர் ஞாபகம் தொண்டையை அடைத்தது. கழுதுருட்டியில் பதிமூணு கண் பாலத்தின் கல் தூண்களுக்கு இப்போது கான்கிரீட் போர்த்தியிருக்கிறார்கள். பலத்துக்கு வேண்டியதுதான். அந்தக் கல்லைப் பார்த்தவர்கள் பழைய போட்டோ இருந்தால் நம் ஊர்ச் சங்கத்துக்கு அனுப்புங்கள்.

சரி, ஒரு வேண்டுகோள். இந்த ஆடியில் ஊருக்கு வருகிறவர்கள் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் இறங்கி நேரே காரில் ஏறிவிடாதீர்கள். கொல்லத்துக்கு வந்து, பகலில் மலை ஏறும் வண்டியைப் பிடியுங்கள். இன்றும் அது மெதுவாகத்தான் ஏறும், பின்னால் ஒரு எஞ்சின் தள்ளிக்கொண்டுதான் வரும். நான் ஆடி கடைசி வாரத்தில் வருகிறேன், பேத்தியோடு. அவளுக்கு ஆறு வயது. குகை வந்ததும் கத்துவதற்கு இப்போதே பழகிக்கொண்டிருக்கிறாள். கூட வருகிறவர்கள் தேதி எழுதுங்கள், ஒரே பெட்டியில் உட்கார்ந்துகொள்வோம்.