ரத்த மொய்யை எப்படித் திருப்பிச் செய்வது?

மாரண்டஹள்ளிப் பெண் (கேள்வி):

என் அப்பா போன தை மாதம் தவறிவிட்டார். காரியம் முடிந்து தகரப்பெட்டியை ஒதுங்க வைத்தபோது பழைய மொய் நோட்டு ஒன்று கிடைத்தது. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்தவர், நடுவில் 1997 ஆவணி என்று போட்டு, "பாப்பா ஆப்ரேசன்" என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். பால் சொசைட்டி முன்பணம், ஆயா கம்மல், கறவை மாடு ஒன்று. அதற்குக் கீழே ஏழு ஆண்கள் பெயர். தொகை எழுத வேண்டிய இடத்தில் ஒவ்வொருவருக்கும் "ரத்தம் 1".

பாப்பா நான்தான். அப்போது ஏழு வயது. பிறவியிலேயே இதயத்தில் நாலு கோளாறு, டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ என்பார்கள். கீழறைகளுக்கு நடுவில் ஓட்டை, நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழி குறுகல், மற்ற இரண்டும் அதை ஒட்டியவை. பள்ளிக்கூடத்துக்கு நடந்தால் பாதி வழியில் உதடு நீலமாகி, புளியமரத்தடியில் குந்திக்கொள்வேன். குந்தினால்தான் மூச்சு வரும். கால் மடங்கும்போது உடம்பில் அழுத்தம் கூடி, நுரையீரலுக்குக் கொஞ்சம் அதிகமாக ரத்தம் போகும் என்பது பின்னாளில் படித்துத் தெரிந்தது. அப்போது எல்லோரும் சோம்பேறி என்றுதான் நினைத்தார்கள்.

வேலூர் சி.எம்.சி.யில் ஆபரேசன். ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்று சொன்னதும் ஊரிலிருந்து ஏழு பேர் தக்காளி வண்டியில் ஏறி, ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி வழியாக வந்து சேர்ந்தார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது அவர்கள் சட்டையில் அடித்த தக்காளி வாசம் மட்டும்தான்.

இப்போது எனக்கு 35 வயது. ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். வயிற்றில் ஐந்தாம் மாதத்திலேயே அவள் இதயத்தை ஸ்கேனில் பார்த்து, சரியாக இருக்கிறது என்று சொன்னார்கள். மொய்ப்பணத்தையெல்லாம் அப்பாவே திருப்பிச் செய்துவிட்டு டிக் போட்டிருக்கிறார். இந்த ஏழுக்கு மட்டும் டிக் இல்லை. சரி, நாமே ரத்தமாகத் திருப்பிவிடலாம் என்று தர்மபுரியில் ஒரு முகாமுக்குப் போனேன். நெஞ்சுத் தழும்பைப் பற்றிச் சொன்னதும் ஜூஸ் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இந்தக் கடனை எப்படி அடைப்பது?

ரத்தவங்கி ஊழியர், கிருஷ்ணகிரி:

தங்கச்சி, அவர்கள் செய்தது சரிதான். திறந்த இதய அறுவை செய்தவர்களிடம் ரத்தம் எடுக்கவே கூடாது என்பது நம் நாட்டு விதி. உங்கள் ரத்தத்தில் குறையில்லை. ஒரே மூச்சில் 350 மில்லி குறைந்தால் உங்கள் இதயத்துக்குச் சிரமம், அதற்காகத்தான்.

இன்னொன்று சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். அந்த ஏழு பேர் ரத்தம் உங்களுக்கு ஏறியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஊர்க்காரர்கள் கொடுப்பதை இருப்பில் சேர்த்துவிட்டு, உங்கள் வகைக்குப் பொருந்துவதை இருப்பிலிருந்து எடுத்துத் தருவதுதான் வழக்கம். மாரண்டஹள்ளி ரத்தம் வேறு யாருக்கோ போயிருக்கும். உங்களுக்கு ஏறியது யாருடையதோ.

அந்தக் காலத்தில் காசு வாங்கிக்கொண்டு ரத்தம் விற்பவர்களும் இருந்தார்கள். உச்ச நீதிமன்றம் 1996இல் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, 1998 ஜனவரி 1 முதல்தான் அது அடியோடு தடை. அதற்கு முந்தைய வருடமே உங்கள் அப்பா காசுக்கு வாங்காமல் ஊர் ஆட்களை வரவழைத்திருக்கிறார்.

ஓசூர்க்காரன்:

எனக்கும் அதே நோய், அதே ஆபரேசன், ஒன்பது வயதில். அக்கா, கடனை அப்புறம் பார்க்கலாம், கடைசியாக எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தது எப்போது? நம்மில் பலருக்குச் சின்ன வயதில் சரிசெய்த அந்த நுரையீரல் வால்வு கசிந்துகொண்டே இருக்கும், இருபது, முப்பது வருடத்தில் இதயத்தின் வலது பக்கம் வீங்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. நானும் நன்றாகத்தான் இருந்தேன், வண்டி ஓட்டினேன், கிரிக்கெட் ஆடினேன். 31 வயதில் பார்த்தால் வலது பக்கம் வீங்கியிருந்தது. வால்வு மாற்றினார்கள். பல்லில் சீழ் வைத்தாலும் அலட்சியம் வேண்டாம், அந்தக் கிருமி இதயத்தில் போய் உட்காரும்.

பழைய ஆள், காரிமங்கலம்:

அம்மாடி, மொய் என்பது நல்ல காரியத்துக்கு வைப்பது. ஆஸ்பத்திரிக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கப் போனால், "இதுக்கா கொடுத்தேன்?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். உன் அப்பா டிக் போடாமல் விட்டதும் மறதியால் இருக்காது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வா. போதும்.

பென்னாகரம் அம்மா:

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என் மகனுக்கு நாலு வயது. அங்கன்வாடிக்குப் பரிசோதனைக்கு வந்த டாக்டர்தான் நெஞ்சில் சத்தம் கேட்கிறது என்று கண்டுபிடித்தார். எக்கோவில் ஓட்டை. காப்பீட்டுத் திட்டத்தில் அனுமதி வந்துவிட்டது, அடுத்த மாதம் ஆபரேசன். நெஞ்செலும்பை அறுப்பார்கள் என்று கேட்டதிலிருந்து என் மாமியார் சரியாகச் சாப்பிடவில்லை. அக்கா, உங்களுக்கு ரொம்ப வலித்ததா?

மாரண்டஹள்ளிப் பெண்:

எல்லோருக்கும் நன்றி. ஓசூர்த் தம்பி, நான் எக்கோ எடுத்து ஆறு வருடம் ஆகிறது. பிரசவத்தோடு விட்டதுதான். பழைய டிஸ்சார்ஜ் பேப்பரை அதே தகரப்பெட்டியில் தேடி எடுத்துவிட்டேன், வரும் திங்கள் போகிறேன்.

ஏழு பேரில் நாலு பேர்தான் இப்போது இருக்கிறார்கள். நேற்று ஒருவர் வீட்டுக்கு மகளோடு போனேன், பழத்தோடுதான். நோட்டைக் காட்டினேன். "ரத்தமா? திரும்பி வரும்போது ஆம்பூரில் வண்டி பஞ்சர் ஆகி ராத்திரி முழுக்கக் கொசுக்கடி, அதுதான் ஞாபகம்" என்றார். பிறகு என் மகளைத் தெருமுனை வரை ஓடிவிட்டு வரச் சொன்னார். அவள் ஓடி வந்து நின்றதும் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

பென்னாகரம் தங்கச்சி, வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். இருமினால்தான் வலிக்கும், தலையணையைக் கட்டிக்கொண்டு இருமச் சொல்வார்கள். எலும்பைக் கட்டிய கம்பி இன்னும் உள்ளேதான் இருக்கிறது, எக்ஸ்ரேயில் முடிச்சு முடிச்சாகத் தெரியும், உறுத்தாது. முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை நாலு வாங்கி வையுங்கள், தலைவழியாக மாட்டுவது வேண்டாம். வீட்டுக்கு வந்த பிறகு யாரும் அக்குளில் கைகொடுத்துப் பையனைத் தூக்கக் கூடாது, டாக்டர் சரி என்று சொல்லும்வரை அடியில் கைகொடுத்துத்தான் தூக்க வேண்டும். மாமியாரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஆசையில் தூக்கிவிடுவார்.

ரத்தம் கொடுக்க எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்? என் வீட்டுக்காரர் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். பி பாசிட்டிவ், கடைசியாகக் கொடுத்து நாலு மாதம் ஆகிவிட்டது. அவர் தம்பியும் வருவார். எந்த நாள், எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லுங்கள்.