தோல் கழிவுநீர் நிலையத்தின் மீத்தேனை வினையூக்கி கொண்டு எரிக்க முடியுமா?

வாணியம்பாடியிலிருந்து ஒரு வினா:

வணக்கம். தோல் பதனிடும் ஆலைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் பணிபுரிகிறேன். கசடும் ஜவ்வும் (தோலின் உட்புறத்திலிருந்து சுரண்டி எடுக்கும் சதைக்கழிவு) செரிக்கும் மூடிய தொட்டியின் வாயுவை எரித்துவிடுகிறோம். ஆனால் கசடு தேங்கும் தொட்டிகளின் மூடிக்கு அடியிலிருந்து விசிறி இழுத்து வெளியேற்றும் காற்றில் மீத்தேன் 1 சதவீதத்துக்கும் குறைவாக இருப்பதால், அது தீப்பற்றாமல் அப்படியே வானில் கலக்கிறது. 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயுவை இப்படி விட்டுக்கொண்டிருக்க மனம் ஒப்பவில்லை. பல்லேடியம் வினையூக்கி இதற்கு உதவுமா?

வேலூரிலிருந்து மறுமொழி:

கொள்கையளவில் உதவும். காற்றில் மீத்தேன் 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சுடர் நிற்காது. வினையூக்கிக்கோ சுடரே தேவையில்லை. அலுமினா (அலுமினிய ஆக்சைடு) மீது படிந்த பல்லேடியம், 400 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்திலேயே மீத்தேனைக் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாற்றிவிடும். 1 சதவீத மீத்தேன் முழுவதும் எரிந்தால் காற்றின் வெப்பநிலை சுமார் 250 டிகிரி உயரும். வெளியேறும் சூட்டை உள்ளே வரும் காற்றுக்குத் திருப்பித் தரும் அமைப்பு இருந்தால், தொடக்கத்தில் மட்டும் சூடேற்றினால் போதும். மீத்தேன் மிகவும் குறைந்துபோனால்தான் தொடர்ந்து எரிபொருள் செலவாகும்.

ராணிப்பேட்டையிலிருந்து மறுமொழி:

மேலே சொன்னது சரி, ஆனால் நம் பக்கத்துக் கழிவுநீரின் இயல்பை மறந்துவிடக் கூடாது. முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு, குரோம் பதனிடுதலில் குரோமியம் சல்பேட்டு என இரு வழியிலும் கந்தகம் வருகிறது. காற்றில்லாத் தொட்டியில் நுண்ணுயிரிகள் சல்பேட்டையும் ஹைட்ரஜன் சல்பைடாக்கிவிடுகின்றன. அது பல்லேடியத்தைச் சல்பேட்டாக மாற்றி முடக்கிவிடும். நாங்கள் சிறிய அளவில் சோதித்தபோது, ஹைட்ரஜன் சல்பைடைப் பிடித்துக்கொள்ளும் இரும்பு ஆக்சைடு படுகையை மாற்றத் தாமதமான சில நாள்களிலேயே வினையூக்கி சோர்ந்துபோனதைக் கண்ணால் கண்டேன். காற்றிலுள்ள ஈரமும் அதன் வேகத்தைக் குறைக்கும்; ஆகவே முதலில் குளிர்வித்து நீரை வடியவிடுங்கள்.

இன்னொன்று: சுண்ணாம்புத் தொட்டி நீரைத் தனியே பிரித்து, மாங்கனீசு சல்பேட்டு சிறிதளவு சேர்த்துக் காற்றூதினால் சல்பைடு அங்கேயே ஆக்சிகரணம் அடையும். அதுவும் வினையூக்கிதான், பல்லேடியத்தோடு ஒப்பிட்டால் விலை மிகக் குறைவு. எனினும் அதில் உண்டாகும் சல்பேட்டு செரிமானத் தொட்டியில் மீண்டும் சல்பைடாகும் என்பதால், வாயுவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடை நீக்கும் ஏற்பாட்டைக் கைவிட இயலாது.

வினா எழுப்பியவர்:

மிக்க நன்றி, ஐயா. மீத்தேனை மட்டுமே அளந்துவந்தோம். விசிறிக் குழாயில் ஹைட்ரஜன் சல்பைடையும் ஈரத்தையும் ஒரு மாதம் தொடர்ந்து அளந்து, அந்தக் கணக்கோடு இங்கேயே மீண்டும் எழுதுகிறேன்.