ஆலோசனை நிறுவனத்திலிருந்து அரசுப் பணிக்கு: அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். நான் தக்கலையைச் சேர்ந்த சிவில் பொறியாளர். திருவனந்தபுரத்தில் ஒரு ஆலோசனை நிறுவனத்தில் கட்டமைப்பு வடிவமைப்புப் பிரிவில் இருக்கிறேன். டிஎன்பிஎஸ்சி ஒருங்கிணைந்த தொழில்நுட்பப் பணிகள் தேர்வு எழுதி, நீர்வளத் துறையில் உதவிப் பொறியாளராகச் சேர வேண்டும் என்ற எண்ணம் வலுத்துக்கொண்டே வருகிறது.

இப்போதைய வேலை எனக்குப் பிடிக்கும். அஸ்திவாரக் கணக்குப் போட்டு, கம்பி விவரம் வரைந்து கையெழுத்திடும்போது ஒரு நிறைவு இருக்கிறது. ஆனால் நான் வரைந்த பெரும்பாலான கட்டடங்களை நேரில் பார்த்ததே இல்லை. பத்மநாபபுரம் புத்தனார் சானல்கரையில் நடக்கும்போது பக்கச்சுவர் இடிந்து கிடப்பதும், மதகுப் பலகை இடுக்கில் தண்ணீர் வீணாக ஒழுகுவதும் கண்ணில் படுகிறது. பேச்சிப்பாறை அணையில் நீர் இருந்தும் கடைமடை வயல் காய்ந்தால் மனம் பொறுப்பதில்லை. இவற்றைச் சரிசெய்யும் வேலையைச் செய்யத்தான் ஆசை. உதவிப் பொறியாளரின் அடிப்படைச் சம்பளம் 37,700 ரூபாயில் தொடங்குகிறது. அது எனக்குப் போதும்.

துறையில் இருப்பவர்கள் மனம்விட்டுச் சொல்லுங்கள்: வடிவமைப்பு வேலை கைக்கு வருமா, முடிந்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகமும் டெண்டர் கோப்புமே நாள் முழுவதையும் விழுங்கிவிடுமா? ஒப்பந்ததாரர் நெருக்கடியை இளம் பொறியாளர் எப்படிச் சமாளிக்கிறார்?

வேலையை விடாமல் படித்துத் தேறியவர்கள் இருந்தால், தமிழ்த் தகுதித் தாளையும் பொது அறிவையும் எப்படிப் படித்தீர்கள்? நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் வார இறுதியில் சேர்ந்து படிக்கும் குழு இருந்தாலும் தெரிவியுங்கள். அடுத்த அறிவிப்புக்கு முன் முடிவெடுக்க வேண்டும்.