எஸ்ஏ-6 மிஷன்: ஜாமரை எப்ப போடுறது, டிகோயை எப்ப விடுறது?

வவுனிக்குளம்:
சனிக்கிழமை இரவு டிசிஎஸ் (கணினியில ஓட்டுற போர்விமான விளையாட்டு) மிஷனுக்கு இன்னும் திட்டம் முடிவாகேல்லை. இலக்கு ஒரு எஸ்ஏ-6 (தரையில இருந்து விமானத்தைச் சுடுற ஏவுகணை) தளம்: ஒரு 1எஸ்91 ரேடார், நாலு ஏவுவண்டி, வண்டிக்கு மூண்டு ஏவுகணை, மொத்தம் 12. மேல காவலுக்கு இரண்டு சு-27, அதை ஓட்டுறது மல்லாவிப் பெடியள். எங்கட பக்கம் டிகோயோட (ரேடாரை ஏமாத்துற போலி இலக்கு) இரண்டு எஃப்-14, ஹார்மும் (ரேடாரைத் தேடி அடிக்கிற ஏவுகணை) ஏஎல்கியூ-184 பொட்டும் (ரேடாரைக் குழப்புற ஜாமர்) கொழுவின இரண்டு எஃப்-16. (மைல் எண்டதெல்லாம் கடல்மைல்.)

நான் சொல்லுறது, 60 மைலில இருந்தே எஃப்-16 இரண்டும் ஜாமரைப் போட்டுக்கொண்டு போறது. தூரம் தெரியாதவனுக்கு எப்ப ஏவுறது எண்டும் தெரியாது. மறுக்கிற ஆக்கள் கணக்கோட வாங்கோ.

அக்கராயன்:
கணக்கு இந்தா, அண்ணை. 60 மைல் எண்டால் 111 கி.மீ. சு-27 இன்ர ரேடார் ஒரு சண்டை விமானத்தை நேர்முகமாப் பிடிக்கிறதே கிட்டத்தட்ட 80-100 கி.மீ. க்குள்ளதான், எஃப்-16 அதிலயும் சின்ன இலக்கு. அவன் காணாத நேரத்தில நாங்களாவே திசையைச் சொல்லிக் குடுக்கிறம். இரவில காட்டுப் பாதையால டோர்ச் அடிச்சுக்கொண்டு போற வேலை அது.

ரேடார் அலை போய்த் திரும்பி வரவேணும், அதால எதிரொலி தூரத்தின்ர நாலாம் அடுக்கில குறையும். ஜாமர் ஒருவழிப் பயணம், இரண்டாம் அடுக்கில குறையும். தூரம் பாதியானால் எதிரொலி 16 மடங்கு கூடும், ஜாமர் 4 மடங்குதான் கூடும். ஒவ்வொரு தடவை தூரம் பாதியாகேக்கையும் அவன் நாலு மடங்கு முன்னுக்கு வாறான். கடைசியில ஜாமரைத் துளைச்சுக்கொண்டு எங்களைத் தெளிவாப் பார்ப்பான், அதுவும் ஏவுகணைக்கு நல்ல தூரத்தில. தூரத்தில காட்டிக் குடுக்கும், கிட்டக் காப்பாத்தாது.

வவுனிக்குளம்:
திசை தெரிஞ்சால் என்ன? 111 கி.மீ. இல இருந்து சு-27 இன்ர ஆர்-27ஈஆர் ஏவுகணை வந்து அடிக்காது. ஜாமர் வாற திசையைப் பார்த்து விடுற ஏவுகணைக்குத் தூரம் தெரியாது, அதால மேல வளைஞ்சு ஏறாமல் நேரே வரும். கீழ அடர்ந்த காத்தில வேகத்தைத் தின்னும். எங்களுக்கு அது இலாபம்.

அக்கராயன்:
ஒரு சு-27 எண்டால் நீங்கள் சொல்லுறது சரி. அவங்கள் இரண்டு பேர், 15 மைல் விலகிப் பறக்கினம் எண்டு வையுங்கோ. ஆளுக்கொரு திசைக்கோடு, வெட்டுற இடத்தில நாங்கள். வரைபடத்தில ரூளர் வைச்சே தூரம் எடுக்கலாம். மல்லாவி ஆக்கள் இதைச் செய்யாமல் விடுவினம் எண்டு நினைக்கிறியளோ?

பறங்கியாறு:
இரண்டு பேரும் வானத்திலயே நிக்கிறியள். மிஷன் தோற்கிறது தரையில, அந்த 1எஸ்91 ஆல. அது ஒரு நேரத்தில ஒரு இலக்கைத்தான் வழிநடத்தும். அதின்ர ஏவுகணைக்கு மோதும்வரைக்கும் ரேடார் வெளிச்சம் வேணும், நடுவில ரேடாரை அமத்தினால் ஏவுகணை குருடு. டிகோய்க்கு இதைவிட நல்ல இலக்கு இல்லை. 1982 யூன் 9 இல பெக்கா பள்ளத்தாக்கில இஸ்ரேல் செய்ததும் இதுதான்: முன்னுக்கு டிகோயை அனுப்பி சிரிய எஸ்ஏ-6 ரேடார்களை எழுப்பி, பிறகு அடிச்சது. 1991 சனவரியில பக்தாத் பக்கம் அமெரிக்கக் கடற்படை டால்ட் டிகோயளை விட்டதும் அதே முறைதான்.

எங்கட கணக்கு: ஒரு இலக்குக்கு இரண்டு ஏவுகணை எண்டு எடுத்தால் 12 ஐயும் தீர்க்க 6 டிகோய். எஃப்-14 ஆளுக்கு மூண்டு, வயித்தடியில. பீனிக்ஸ் (நெடுந்தூர ஏவுகணை) இரண்டு சிறகடியில இருக்கட்டும், சு-27 ஐத் தள்ளி வைக்க. 30,000 அடி, தளத்துக்கு 30 மைல், 15 செக்கனுக்கு ஒண்டு, இரண்டு பேரும் மாறிமாறி விடவேணும். எங்கட டிகோய் டால்ட்டுக்கு எஞ்சின் இல்லை, சறுக்கித்தான் போகும். 400 நொட் (மணிக்கு 400 கடல்மைல்) எண்டு எடுத்தால் எஸ்ஏ-6 இன்ர 24 கி.மீ. (13 மைல்) வட்டத்துக்குள்ள முதலாவது நுழைய 17 மைல், அதாவது 153 செக்கன். கடைசி டிகோய் 228 ஆவது செக்கனில நுழையும். ஹார்ம் 200 ஆவது செக்கனில தளத்தில நிக்கவேணும், ரேடார் நடுவேலையில இருக்கேக்க. 25 மைலில இருந்து, சராசரி 1200 நொட் எண்டால் பறக்க 75 செக்கன். ஆகவே முதல் டிகோய் விட்டு 125 ஆவது செக்கனில ஹார்ம். எஃப்-16 இல பொஸ் முறையில (ஹார்முக்கு இடத்தை முன்னமே சொல்லி விடுறது) தளத்தின்ர ஸ்டியர்பொயின்டுக்கு (வரைபடத்தில குறிச்ச புள்ளி) விடுங்கோ, ரேடாரைத் தேடிக்கொண்டு நிக்கத் தேவையில்லை.

வெள்ளிக்கிழமையே ஒருக்கா ஓட்டி, டாக்வியூவில (பறப்புப் பதிவைத் திரும்பப் பார்க்கிற மென்பொருள்) டிகோயின்ர உண்மையான வேகத்தைப் பாருங்கோ. அது 350 நொட் எண்டால் முதல் நுழைவு 175 செக்கனுக்குத் தள்ளிப்போகும், ஹார்மும் தள்ளவேணும்.

அக்கராயன்:
இந்தக் கணக்கு எனக்குப் பிடிச்சிருக்கு, ஆனால் ஒரு ஓட்டை. மிஷன் கோப்பில ஸ்கைநெட் ஸ்கிரிப்ட் (தரை ஏவுகணைத் தளங்களை நடத்துற நிரல்) ஓடுதோ? ஓடினால் ஹார்ம் வாறதைக் கண்டு ரேடார் தானே அமந்திடும். இது தெரியாமல் செக்கன் கணக்குப் போட்டுப் பிரியோசனம் இல்லை.

பறங்கியாறு:
ஓடுது எண்டு வைப்பம். அமந்தால் பறக்கிற ஏவுகணை குருடாகும், அதுவரை விட்டதெல்லாம் வீண். எனக்கு அதுவும் போதும். அந்த நேரத்தில இரண்டாம் எஃப்-16 உள்ள போகலாம். அதால அவர் தன்ர ஹார்மை முதலாமவரோட சேர்த்து விடக்கூடாது. 60 செக்கன் பிந்தி, ரேடார் திரும்ப எழும்பேக்க விடவேணும்.

முத்தையன்கட்டு:
சாஃப் (ரேடாரை ஏமாத்தக் கொட்டுற துண்டுகள்) பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. போன முறை டாக்வியூவில பார்த்தது: 60 சாஃபும் கொட்டிமுடிச்ச எஃப்-16 நேரே ஏவுகணையைப் பார்த்துப் பறந்து செத்தது. சாஃப் எண்டது அலுமினியம் பூசின கண்ணாடி நார். 3 செ.மீ. அலைக்கு 1.5 செ.மீ. துண்டு. விட்ட உடன காத்தோட நிண்டிடும். டொப்ளர் ரேடார் நிக்கிறதைக் கழிச்சுப்போட்டு ஓடுறதைப் பிடிக்கும். நீங்களும் கிட்டயும் போகாமல் தூரவும் போகாமல் நிக்கிறமாதிரித் தெரிஞ்சால்தான் சாஃப் பலிக்கும். எச்சரிக்கைக் கருவியில ஏவுகணையை வழிநடத்துற ரேடார் 3 மணி அல்லது 9 மணிப் பக்கம் வரும்வரை திரும்புங்கோ, அவனைவிடக் கீழ இறங்குங்கோ, பிறகு விடுங்கோ.

எஃப்-16 இல சாஃப் ஒழுங்கு பண்ண லிஸ்ட் பொத்தானை அமத்தி 7. முதல் வாறது பிங்கோ (மிச்சம் குறைஞ்சால் எச்சரிக்கிற எண்) பக்கம், பிறகுதான் சாஃப். கொத்துக்கு 2, கொத்துக்குள்ள இடைவெளி 0.1 செக்கன், 5 கொத்து, கொத்துகளுக்கிடையில 1 செக்கன். ஒரு தட்டுக்கு 10 சாஃப், 60 க்கு ஆறு தட்டு. பலகையில சிஎச் (சாஃப்), எஃப்எல் (ஃபிளேர்) சுவிச்சுகள் ஓஃபில கிடந்தால் எத்தனை தட்டினாலும் ஒண்டும் விழாது. ஏறமுன்னம் கை வைச்சுப் பாருங்கோ.

இன்னுமொண்டு. ஹெட்போன் மட்டும்தான், ஸ்பீக்கர் வேண்டாம். கிபிர் (போர்க்காலத்தில குண்டு போட்ட விமானம்) சத்தம் எண்டால் இண்டைக்கும் நெஞ்சு பதறிற சனம் பக்கத்து வளவுகளில இருக்கு. ஆரோ மன்னார்க் கடலுக்கு மேல ஒரு மிஷன் கட்டுவம் எண்டு வேற கதையில கேட்டிருந்தியள், அதுக்கும் என்ர பதில் இதுதான். கொக்கேசியா வரைபடத்திலயே நிக்கட்டும்.

வவுனிக்குளம்:
ஸ்பீக்கர் விசயத்தில மறுபேச்சில்லை, மிஷன் அறிவித்தலில முதல் வரியாப் போடுறன்.

ஜாமருக்கு வாறன். பறங்கியாறு சொல்லுற கணக்கில எஃப்-16 25 மைலில நிண்டு ஹார்ம் விடவேணும். அங்க சு-27 ஏவுகணை எட்டும். அந்த 125 செக்கனையும் ஜாமர் இல்லாமல் எப்பிடிக் கடக்கிறது?

அக்கராயன்:
பீனிக்ஸ் அவங்களைத் திருப்பும். திருப்பாட்டி, அவன்ர ரேடார் எங்களில லொக் போட்ட (குறி பூட்டின) பிறகு ஜாமரைப் போடுங்கோ. லொக் போட்டவனுக்கு எங்கட திசை ஏற்கெனவே தெரியும், அதால ஜாமர் புதுசா ஒண்டும் சொல்லிக்குடுக்காது, தூரத்தை மட்டும் மறைக்கும். 20 மைலுக்குள்ள வந்தால் நிப்பாட்டிப்போட்டுப் பக்கம் திரும்பி சாஃப். ஜாமரை எரியவிட்டுக்கொண்டு பக்கம் திரும்பினால் ஏவுகணை ஜாமரையே பிடிச்சு வரும், அந்த இடத்தில சாஃபும் வீண், திரும்பினதும் வீண்.

வவுனிக்குளம்:
லொக்குக்குப் பிறகு எண்டதுக்குச் சம்மதம். ஆனால் 20 மைல் எண்டதை ஏற்கமாட்டன், துளைக்கிற தூரம் ரேடாரைப் பொறுத்தது. வெள்ளி ஓட்டத்தில ஒரு சு-27 ஐ எதிர வரவிட்டு, ஜாமர்க்கோடு எந்த மைலில இலக்காய் மாறுது எண்டு அளப்பம். அந்த எண்ணோட 3 மைல் கூட்டி, அதில நிப்பாட்டுவம்.

பறங்கியாறு:
அளக்கேக்க இன்னொண்டையும் தீருங்கோ. பொட் நடுவயித்தில போகுது, அங்க கொழுவுற 300 கலன் தாங்கி இல்லாமல் போகும். இரண்டு ஹார்ம், சிறகடியில 370 கலன் தாங்கி இரண்டு, பொட். இதோட இரண்டாம் எஃப்-16 60 செக்கன் கூட நிண்டு, ஆஃப்டர்பேர்னரில தப்பி, வீட்டை வந்து சேருமோ? என்ர எண்ணம், பொட்டை முதலாமவர் மட்டும் கொண்டுபோகட்டும், இரண்டாமவர் தாங்கி.

முத்தையன்கட்டு:
இரண்டாமவருக்குத்தான் பொட் தேவை. முதலாமவர் விட்டிட்டுத் திரும்பிடுவார், கடைசிவரை அங்க நிக்கிறது மற்றவர். தாங்கியை முதலாமவருக்குக் குடுங்கோ.

வவுனிக்குளம்:
இரண்டு விதமாயும் வெள்ளி ஓட்டுவம். 8 மணிக்கு, ஒவ்வொண்டும் ஒருக்கா. எரிபொருள் மிச்சத்தையும் டாக்வியூ கோப்பையும் இங்க போடுங்கோ.