சானூர் வீடும் நம் ஊர் லீஸும்

குழு: அல்சூர் வீட்டார்

நித்யா: அனைவருக்கும் வணக்கம். பாலித் தீவில் சானூர் கடற்கரைக்கு அருகில் இரண்டு அறை வீடு ஒன்று பார்த்திருக்கிறேன். உரிமையாளர் இரண்டு ஆண்டுகளுக்குச் சேர்த்து 24 கோடி ரூபியாவை ஒரே தவணையாக முன்கூட்டியே கேட்கிறார். இந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

பாட்டி: 24 கோடியா?

நித்யா: நம் பணத்தில் ஏறத்தாழ 13 லட்சம், பாட்டி.

அப்பா: அப்படியானால் அது நம் பெங்களூரு லீஸ்தானே? ராமமூர்த்தி நகரில் 8 லட்சம் கொடுத்து மூன்று ஆண்டுகள் வாடகையின்றி இருந்துவிட்டு, காலி செய்த அன்று முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு வந்தோம். நமக்கு வட்டிதான் நஷ்டம், தாராளமாகக் கொடு.

அம்மா: முழுப் பணமா? வெள்ளையடிக்கும் செலவு என்று பிடித்துக்கொண்டதை மறந்துவிட்டீர்களா?

முரளி (டென்பசார், பாலி): சித்தப்பா, சற்றுப் பொறுங்கள். இங்கே வாடகையைச் ‘சேவா’ என்பார்கள். ஓர் ஆண்டுக்கோ இரண்டு ஆண்டுகளுக்கோ மொத்தமாக வாங்குவது இங்கே வழக்கம் என்றாலும், அது திருப்பித் தரும் முன்பணமன்று, வாடகையேதான்; ஒரு ரூபியாவும் திரும்பி வராது. மாதம் 54 ஆயிரம் ரூபாய் வாடகை என்று கணக்கிட்டு, அந்த வீடு அதற்குத் தகுமா என்று பாருங்கள்.

மாமா: அதற்கு அங்கேயே ஓர் இடம் வாங்கிப் போடலாமே?

முரளி: முடியாது, மாமா. ‘ஹாக் மிலிக்’ எனப்படும் முழு உரிமை குடிமக்களுக்கே என்று 1960ஆம் ஆண்டு நிலச் சட்டம் சொல்கிறது. உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கி வைக்கலாம் என்று ஆசை காட்டுவார்கள். அந்த ஏற்பாடு சட்டப்படி செல்லாது.

முரளி (நித்யாவுக்கு): பணத்தைக் கொடுக்கும் முன், கையெழுத்திடுபவரின் பெயரும் நிலச் சான்றிதழில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பார். பலர் தாங்களே நீண்ட கால வாடகைக்கு எடுத்த வீட்டைத்தான் நம்மிடம் மறுவாடகைக்கு விடுகிறார்கள். அப்படியென்றால் அவர்களுடைய ஒப்பந்தத்தில் இன்னும் எத்தனை மாதம் மிச்சம், மறுவாடகைக்கு விட அனுமதி உண்டா என்பவற்றை எழுத்தில் காட்டச் சொல். 2009ஆம் ஆண்டு மொழிச் சட்டத்தின்படி ஒப்பந்தம் இந்தோனேசிய மொழியிலும் இருக்க வேண்டும். ஆங்கிலப் படியை மட்டும் நம்பிக் கையெழுத்திடாதே. வாடகைக்கான 10 விழுக்காடு வரி யார் தலையில் என்பதையும், உன் வேலை அனுமதி ரத்தானால் மீதி மாதங்களுக்கான பணம் திரும்புமா என்பதையும் அதிலேயே எழுதி வாங்கு.

நித்யா: இவ்வளவு கேட்டால் வீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடமாட்டாரா, அண்ணா?

முரளி: கொடுக்கட்டும், வேறு வீடு பார்ப்போம். வாசலில் உள்ள மின் மீட்டரையும் பார்த்துவிடு. இங்கே பல வீடுகளில் முன்கட்டண மீட்டர்தான். இருப்புக் குறைந்தால் நடு இரவிலும் கீச்சுக் கீச்சென்று கத்தும், பணம் கட்டி வாங்கிய 20 இலக்க எண்ணை அதில் அழுத்த வேண்டும். அது 1300 வோல்ட் ஆம்பியர் இணைப்பென்றால், ஏசி ஓடும்போது நீ மிக்ஸியைப் போட்டதும் வீடே இருண்டுவிடும்.

அம்மா: அப்படியானால் சட்னி அரைக்கும்போது ஏசியை அணைத்துவிடு.

(மறுநாள்)

நித்யா: முரளி அண்ணா சொன்னது போலவே ஆயிற்று. சான்றிதழில் வேறொரு குடும்பத்தின் பெயர் இருக்கிறது. நம்மிடம் பேசியவர் வாடகைக்கு எடுத்தவர்தான். அவருடைய ஒப்பந்தத்தில் இன்னும் 19 மாதங்களே மிச்சம். 24 மாதப் பணத்தை எப்படிக் கேட்டீர்கள் என்றேன். பிறகு நீட்டித்துக்கொள்ளலாம் என்று சிரிக்கிறார்.

அப்பா: வேண்டாம், விட்டுவிடு. லீஸ் என்று நான் சொன்னதையும் மறந்துவிடு.

முரளி: நிலத்துக்காரர் குடும்பத்திடமே நேராகப் பேசி, ஓர் ஆண்டுக்கு மட்டும் கேட்டுப் பார்ப்போம். சனிக்கிழமை நானும் உன்னுடன் வருகிறேன்.

நித்யா: சரி, அண்ணா. மீட்டர் 2200, அதையும் பார்த்துவிட்டேன்.