புதுப்பிப்பு: நாய்ப் பூங்காவில் லீஷ் கழற்றுவதும் சண்டை பிரிப்பதும்

போன பதிவில் "பூங்காவுக்குள் போனதும் லீஷைக் (நாயைப் பிடித்துக்கொள்ளும் வாரை) கழற்றுங்கள்" என்று எழுதியிருந்தேன். அதைத் திருத்துகிறேன். இரட்டைக் கேட் இருந்தால், வெளிக் கேட்டைச் சாத்திவிட்டு நடுவில் நின்றே கழற்றுங்கள். உள்ளே போய்க் கழற்றுவதற்குள் மற்ற நாய்கள் வந்து மொய்த்துவிடும். லீஷில் இருக்கும் நாய்க்கு விலகி ஓட வழியில்லை, உறுமத்தான் செய்யும். ஹார்னஸையும் (மார்பைச் சுற்றிப் போடும் பட்டையை) எடுத்துவிடுங்கள், விளையாட்டில் இன்னொன்றின் பல் அதில் மாட்டும்.

பலரும் கேட்டது சண்டையைப் பற்றி. காலரைப் பிடிக்கவே பிடிக்காதீர்கள். வெறியில் உங்கள் கையைத்தான் கவ்வும். முதலில் முகத்தில் தண்ணீர் வீசுங்கள். அடங்காவிட்டால் ஆளுக்கொரு நாயாக, ஒரே நேரத்தில், பின்னங்கால்கள் இரண்டையும் தொடைப் பக்கம் பிடித்துத் தூக்கி, பின்பக்கமாக அரைவட்டமாக நடங்கள். நேராக இழுத்தால் திரும்பிக் கடிக்கும். ஒன்று கவ்விய பிடியை விடாதபோது மட்டும் இழுக்கக் கூடாது, சதை கிழிந்துவிடும்.

பிறகு முடியை விலக்கிப் பாருங்கள். மிளகளவு பல் ஓட்டைதான் தெரியும். அடியில் தோல் தசையைவிட்டுப் பிய்ந்திருக்கலாம். தையலோ மருந்தோ, அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

குட்டிகளா? 16-வது வாரத் தடுப்பூசி போட்டு இரண்டு வாரம் ஆகும்வரை கூட்டிப்போக வேண்டாம். மழைக்குப் பிறகு தேங்கிய தண்ணீரை எந்த வயது நாயும் நக்கக் கூடாது. எலிக்காய்ச்சல் கிருமி அதில் இருக்கலாம்.