பால்டிக் கடலில் மரப்படகு: அடிப்பலகையில் குண்டூசித் துளைகள், என்ன செய்யலாம்?

ரோஸ்டாக்வாசி:
ஜெர்மனியில் ரோஸ்டாக் பக்கம் இருக்கிறேன். போன வருடம் ஒரு பழைய பைன் மரப்படகு வாங்கினேன். கோடை முழுக்கக் கடலில்தான் கிடந்தது. இப்போது கரையேற்றிக் கழுவினால் அடிப்பலகையில் குண்டூசி குத்தியதுபோல் துளைகள். மேலே மரம் நன்றாக இருக்கிறது, ஆனால் தட்டினால் பொத்தென்று கேட்கிறது. “பால்டிக்கில் உப்பு கம்மி, இங்கே புழு வராது” என்கிறார் பக்கத்துப் படகுக்காரப் பெரியவர். துளைகளை அடைத்துவிட்டு இறக்கலாமா? மனசு ஒப்பவில்லை.

பாம்பன்காரன்:
இறக்கிவிடாதீர்கள் தம்பி. எங்கள் வல்லத்தில் இதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் துளை, புழு குஞ்சாக இருந்தபோது நுழைந்த வாசல். உள்ளே விரல் பருமனுக்குக் குடைந்திருக்கும். ஒரு பலகையைக் கழற்றிக் குறுக்கே அறுங்கள். சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைக் குழாய்கள் தெரிந்தால் கப்பல் புழுதான்.

கடலியல் மாணவி:
பெரியவர் சொன்னது ஸ்டாக்ஹோம் பக்கத்துக்குப் பொருந்தும். 1628-இல் மூழ்கிய வாசா கப்பல் 1961 வரை புழு தின்னாமல் கிடந்ததற்கு அங்கே உப்பு குறைவு என்பது பெரிய காரணம். உங்கள் கரை அப்படியில்லை. 1990-களிலிருந்து தெரெடோ நவாலிஸ் என்ற கப்பல் புழு அங்கே நிலைத்து, படகுத்துறைத் தூண்களையும் அலைத்தடுப்பு மரவேலிகளையும் அரித்து வருகிறது. இதே இனம் புதிதாகப் போய்ச் சேர்ந்த சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் 1919 முதல் 1921 வரை துறைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன.

உண்மையில் அது புழுவே இல்லை, சிப்பி இனம். தலைப்பக்கத்துச் சிறு ஓடுகளால் மரத்தைச் சுரண்டும். இரண்டு நாள் காயப்போட்டால் செத்துவிடும் என்று நம்பாதீர்கள். வாசலை அடைத்துக்கொண்டு வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். குளிர்காலம் முழுக்கக் கரையிலேயே வையுங்கள்.

ரோஸ்டாக்வாசி:
அறுத்தேன். தேன்கூடு மாதிரி இருக்கிறது, வெள்ளைக் குழாய்களோடு. பார்க்கவே வயிற்றைப் பிசைகிறது. மூன்று பலகைகள் போயின. புதிதாகப் போட்டு எதைப் பூசுவது?

பாம்பன்காரன்:
நம் பக்கம் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவார்கள். அங்கே செம்பு கலந்த அடிப்பூச்சு கிடைக்கும், உங்கள் துறையில் அதற்கு அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள். பூச்சில் ஒரு கீறல்கூட இருக்கக்கூடாது, குஞ்சு அதில்தான் ஏறும். அப்புறம் ஒன்று: கரையில் படகு உட்கார்ந்திருக்கும் தாங்குகட்டைகளின் மேல் தூரிகை போகாது. படகை நகர்த்தி உட்காரவைத்து, அந்த இடத்திலும் பூசிவிட்டு இறக்குங்கள்.